இதன் இடது கை தொலைந்துவிட்டது

தொடக் கூடாது. தொட்டால் காரியம் கெட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சீர்த்தட்டு பார்க்க வந்த சம்பந்தியம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நில்லு துளசிமணி, அவசரப்படாதே, அந்தப் பல் டாக்டர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். நான் பக்கத்து மேஜை ஹாக்கி மட்டையைப் பார்க்கிறேன். ஆகா, என்ன மட்டை. எனக்கு ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் தலையை ஆட்டுகிறேன், இங்கே எல்லாரும் அப்படித்தான் ஆட்டுகிறார்கள், எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கி ஒரு ஆட்டு, பிறகு ஒரு பெருமூச்சு. சிங்காநல்லூரில் இத்தனை பெருமூச்சை ஒரே கூரைக்கடியில் நான் கேட்டதில்லை. கூரை என்றால் கல்யாண மண்டபத்துக் கூரை. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது, அதனால் வருஷா வருஷம் ஆடியில்தான் இவர்கள் கூடுகிறார்களாம், பழைய விளையாட்டுச் சாமான் சேகரிப்பவர்கள். வாசலில் கட்டிய துணியை ஆடிக்காற்று ஒரு பக்கம் பிய்த்துவிட்டது, 'சேகரிப்பாளர்' வரைக்கும்தான் படிக்க முடிகிறது, மீதி படபடவென்று அடித்துக்கொள்கிறது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டிலும் ஆளுக்கொரு டென்னிஸ் மட்டை சாய்த்து வைத்திருக்கிறார்கள். "பொருத்தம் அமோகமா இருக்குதுங்க" என்று என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் சத்தமாகச் சொன்னார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை, நாள் முழுக்க வாய் பேசாத இயந்திரத்தோடு இருப்பதாலோ என்னவோ மனிதர்களைக் கண்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கேட்காததையும் சொல்வார். அதனால்தான் அவரைக் காபி குடிக்கச் சாப்பாட்டுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். "மெதுவா வாங்க, பஜ்ஜியும் இருக்குதாமா" என்றேன். பஜ்ஜி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்க வேண்டும் கடவுளே, சூடாக, வரிசை நீளமாக.

இப்போது திரும்பிப் பார்க்கலாம், ஒரு விநாடிதான். அதோ இருக்கிறது, இவர்கள் கூட்டத்துக்குப் போட்ட விளம்பரப் படத்தில் பார்த்த அதே கையுறை. டாக்டரின் நீள மேஜை முழுக்க விக்கெட் கீப்பர் கையுறைகள், ஜோடி ஜோடியாக, வெளுத்ததும் பழுத்ததும், புதுத்தம்பதிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு. நடுவில் இது மட்டும் தனியாக, ஒரு மரக்கையின் மேல் மாட்டியபடி. கருப்பட்டி நிறம். அகல விரல்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வார் பின்னிய வலை, அதில் ஒரு வார்கூட அறுந்திருக்கவில்லை. பேஸ்பால் கையுறை. பேஸ்பாலுக்கும் நான் ஆடுகிற சாஃப்ட்பாலுக்கும் ஒரே மாதிரிக் கையுறைதான், ஆளுக்கு ஒன்றுதான், பந்தை எறிகிற கை சும்மா இருக்க வேண்டும், பிடிக்கிற கையில் அது. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வலது கையால் எறிகிறார்கள், அதனால் கையுறை இடது கைக்கு. நான் பிறந்ததிலிருந்து நொட்டாங்கை. எங்கம்மா அந்தக் கையில் அடித்து அடித்துச் சோற்றையும் பேனாவையும் மட்டும் வலது கைக்கு மாற்றினாள், மீதி எல்லாம் இன்னமும் இடதுதான், லேபில் நான் ரத்தம் எடுப்பதே இடது கையால்தான். ஊசி என்றதும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு பெரியவர் மட்டும் ஒருநாள் கண்ணைத் திறந்துகொண்டே இருந்து, "ஏம்மா, அந்தக் கையிலயா குத்தற?" என்று கையை இழுத்துக்கொண்டார். "இந்தக் கைதானுங்க நோகாமக் குத்தும்" என்றேன். நோகவில்லை என்று அப்புறம் ஒப்புக்கொண்டார். ஆக எனக்குக் கையுறை வலது கைக்கு வேண்டும், மேஜை மேல் இருப்பது வலது கைக்கானது, கோயமுத்தூர் ஜில்லாவில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதை இந்த மனிதர் மரக்கைக்கு மாட்டி வைத்திருக்கிறார். மரக்கை எந்தப் பந்தைப் பிடிக்கப் போகிறது? எனக்கு வயிறு எரிகிறது. அந்த மரக்கையின் மேல் பொறாமையாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கல்லூரியில் ஆடியபோது இப்படி ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் எந்த டீமிடமும் ஒன்பது பேருக்கும் கையுறை கிடையாது, போட்டி நடத்துகிற கல்லூரி ஒரு செட் கொடுக்கும், அதை இரண்டு டீமும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் பந்து தடுத்து முடித்து உள்ளே வரும்போது கழற்றி எதிராளி கையில் கொடுத்துவிட்டு வருவோம். வலது கைக்கான கையுறை ஒன்றே ஒன்று. அதற்கு உரிமைக்காரிகள் இரண்டு பேர், நான் ஒருத்தி, ஈரோட்டுக் கல்லூரி ஜமுனா இன்னொருத்தி, அவளும் என்னைப் போல நொட்டாங்கை, அவளும் ஃபர்ஸ்ட் பேஸ். ஃபர்ஸ்ட் பேஸ் என்றால் அடித்துவிட்டு ஓடிவருகிறவள் முதலில் தொட வேண்டிய இடம், அவள் கால் படுவதற்குள் பந்து என் கைக்கு வந்தாக வேண்டும். நானும் ஜமுனாவும் மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையுறையைக் கொடுக்கும்போது முறைப்போம், அவ்வளவுதான். உள்ளே கை விட்டால் அவள் கைச்சூடு இருக்கும், வேர்வை நசநசவென்று இருக்கும், சீ என்று இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் என் விரல் உடனே படிந்துவிடும். அதுதானோ இது? காலையில் இருந்து அந்த நினைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இல்லை. அதன் சுண்டுவிரலில் நீல நைலான் கயிறு போட்டுத் தைத்திருந்தது, இதில் அப்படி இல்லை, இது வேறு யாருடையதோ. நல்லதாகப் போயிற்று. இதுவே அதுவாக இருந்தால் நான் இங்கேயே அழுது வைப்பேன், டாக்டர் உஷாராகிவிடுவார். ஜமுனா இப்போது எங்கே இருப்பாள், பேரன் பேத்தி எடுத்திருப்பாள், ஈரோட்டில் எங்காவது இடது கையால் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேட்ச். எல்லாம் சகாயமேரியால் வந்தது. என் பழைய காப்டன், சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தாள், நான் அவள் கையில் ரப்பர் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள், "ஏய் நொட்டாங்கை! துளசிதானே நீ!" என்று கத்தியதில் ஊசி கீழே விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த டீம் இது, நாற்பதைத் தாண்டிய பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் மைதானம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சுடிதாருக்கு மேல் பனியன் போட்டுக்கொண்டு. முதல் நாள் பந்து என் கையை நோக்கி வந்தபோது எனக்கு உடம்பு பூராவும் ஏதோ விழித்துக்கொண்டது, பிள்ளை கல்யாணத்தில்கூட நான் அத்தனை சந்தோஷமாக இல்லை, இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் கையுறைதான் இல்லை. கடைக்காரர் "லெஃப்ட் ஹேண்டுங்களா, ஆர்டர் போட்டாலும் வராதுங்க" என்றார், போனில் ஆர்டர் போட்டு வந்ததும் இடது கைக்குத்தான் வந்தது, அதையே வலது கையில் தலைகீழாக மாட்டிக்கொண்டு சமாளிக்கிறேன், கட்டைவிரல் சுண்டுவிரலின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. போன வாரம் சுலபமான பந்து. கைக்குள் வந்தது, 'சரி, வரட்டுமா' என்று கேட்டதுபோல ஒரு விநாடி நின்றது, போய்விட்டது. தோற்றோம். சகாயமேரி திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் பக்கத்தில் வந்து மெதுவாக, "அடுத்த வாரம் நீ ஸ்கோர் எழுது துளசி, உன் கையெழுத்து நல்லாருக்கும்" என்றாள். என் கையெழுத்தைக் கோழி பார்த்தால் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடும். அது அவளுக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் அட்டை, பக்கத்தில் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலும் செருப்பும். அந்த நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்தால் அப்புறம் எழுப்ப மாட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் "நீங்க உக்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள், அத்தனை அன்பாக, அத்தனை முடிவாக. வேண்டாம் சாமி. எனக்கு நிற்க வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸில், கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"என்ன பார்க்கறீங்க மேடம்?" டாக்டர் என்னைத்தான் கேட்கிறார். டாக்டர் குழந்தைவேலு, பல் டாக்டர், நெஞ்சில் பெயர் அட்டை குத்தியிருக்கிறார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் கிளினிக்கில் போடும் ரப்பர் உறை. அவருடைய கையுறைகளை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாதாம், கையுறையைத் தொடக் கையுறை, டப்பா மேஜை மேலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால் ஒரு இளைஞரை இவர் விசாரித்த விசாரணையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பையன் சாதுவாக, தன் காபிக்கடைச் சுவரில் மாட்ட ஒரு ஜோடி வேண்டும் என்றான். "சுவத்துலயா? கிழக்குச் சுவரா மேற்குச் சுவரா? வெயில் விழுமா? எண்ணெய்ப் பொகை வருமா?" பெண் கேட்டு வந்தவனிடம்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். போண்டா போடுவோம் என்று உண்மையைச் சொன்னான் பாவம், கதை முடிந்தது, "மன்னிச்சுக்குங்க தம்பி, போண்டாவுக்கெல்லாம் கொடுக்கறதில்லை" என்று அனுப்பிவிட்டார். போண்டாவுக்கே கொடுக்காதவர் மண்தரைக்குக் கொடுப்பாரா? வேகமாக வருகிற பந்துக்குக் கொடுப்பாரா? ஆகவே நான் விளையாடுகிறவள் இல்லை, நான் சேகரிக்கிறவள், இப்படித்தான் இருக்கும் என்று காலையில் பல் தேய்க்கும்போதே ஒத்திகை பார்த்துவிட்டேன். "சும்மா பார்க்கறேனுங்க டாக்டர். நானும் கொஞ்சம் சேர்க்கறதுண்டு." "அப்படீங்களா! எதுல வெச்சிருக்கீங்க?" "பீரோலங்க. கண்ணாடி பீரோ." "ஈரம் வராம?" "பொட்டலம் போட்டு வெச்சிருக்கறேனுங்க, மருந்து டப்பாவுல வர்ற வெள்ளைப் பொட்டலம்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொட்டலம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு மனிதர் மலர்வாரா. என் பீரோவில் இருப்பது போர்வையும் பழைய ரேஷன் கார்டும். "அந்த நடுவுல ஒண்ணு இருக்குதுங்களே" என்று என் வாய் கேட்கிறது, ரொம்பச் சாதாரணமாக, தக்காளி விலை கேட்கிற மாதிரி.

"அதுங்களா," என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். துக்க வீட்டுக் குரல். "அது விலைக்கில்லீங்க. பாருங்க, ஒத்தையா நிக்குது." அப்போதுதான் பார்க்கிறேன், மரக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு மரக்கை, இடது கை, வெறுமனே நிற்கிறது. அதன் கீழே ஒரு அட்டை, அழகான கையெழுத்து: 'இதன் இடது கை தொலைந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லவும்.' பழைய சாமான் கடையில் ஒரு மூட்டை விக்கெட் கீப்பர் கையுறை வாங்கியபோது உள்ளே இது கிடந்ததாம். அதுவும் ஒரு பழங்காலத்து விக்கெட் கீப்பர் கையுறைதான் என்று நினைத்திருக்கிறார். கிரிக்கெட்காரர், அவருக்கு எல்லாமே ஜோடி. "மெட்ராஸ், பெங்களூர் எல்லாப் பக்கமும் கேட்டுப் பார்த்துட்டேனுங்க. போற ஊர்லயெல்லாம் பழைய கடைல மூட்டையக் கொட்டித் தேடறேன். என்ர சம்சாரம் சிரிக்கறா. சிரிக்கட்டும். எங்கயோ ஒரு பீரோல அந்த இடது கையும் இதயத் தேடிட்டுத்தானுங்க கிடக்கும். கிடைச்சா, யாருகிட்ட இருக்குதோ அவங்களுக்கே இதயும் கொடுத்துருவேன். காசெல்லாம் வேண்டாம். ஜோடி சேரோணும், அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே ஒரு பட்டாசுச் சரம் வெடிக்கிறது. துளசிமணி, கேட்டாயா? 'யாருகிட்ட இருக்குதோ அவங்களுக்கே.' ஒரே ஒரு வரி. 'டாக்டர், அந்த இடது கை எங்க வீட்டு பீரோலதானுங்க இருக்குது.' அவ்வளவுதான், மனிதர் சந்தோஷத்தில் இதைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுப்பார், நாலு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். பொய்யும் முழுப் பொய் இல்லை, போனில் ஆர்டர் போட்டு வந்த ஒரு இடது கை வீட்டில் இருக்கத்தானே இருக்கிறது. சொல். அவருக்கும் நிம்மதி, ஊர் ஊராக மூட்டை கொட்ட வேண்டாம். சொல்லிவிட்டால் என்ன, அவர் வீட்டுக்கு வந்து பார்க்கவா போகிறார்? வருவார். இவர் வருவார். காமிராவோடு வருவார், சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வருவார், ஜோடி சேர்ந்ததற்கு அல்வா வாங்கிக்கொண்டு வருவார். அதுகூடப் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அவர் அந்த வெற்று மரக்கையைத் தொட்டு, அது கொஞ்சம் கோணலாக இருந்ததை நேராக்கி வைத்தார்.

அதைப் பார்த்த பிறகு முடியவில்லை. "டாக்டர், இதுக்கு ஜோடியே கிடையாதுங்க," என்றேன். என் குரல்தான், நான் சொல்லச் சொல்லவில்லை. "இது கிரிக்கெட் கையுறை இல்லீங்க, பேஸ்பாலுது. அதுல ஆளுக்கு ஒண்ணுதான். வலது கையால எறியறவங்களுக்கு இடது கைல வரும். இது நொட்டாங்கைக்காரங்களுக்குச் செஞ்சது, அதனாலதான் வலது கைல இருக்குது. எதுவும் தொலையலீங்க." டாக்டர் என்னைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். ஹாக்கி மேஜைக்காரர்கூடத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். எத்தனை பழைய சாமான் கடை, எத்தனை மூட்டை, மனிதர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன். "அப்ப இது ஒத்தை இல்லீங்களா?" "இல்லீங்க. இது முழுசு." முழுசு, முழுசு என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், பிறகு பால்பல் விழுந்த குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார், அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வெற்று மரக்கையைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்தார். சரி, இப்போது கேட்கலாம் என்று நான் மூச்சை இழுக்கிறேன், அவர் முந்திக்கொண்டார்: "முழுசுன்னா இனி யாருக்கும் கொடுக்க மாட்டேனுங்க. ரொம்ப நன்றி மேடம்." அட பாவி மனிதா! அட பாவி துளசிமணி! அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று நினைப்பு. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வாழைக்காய் வாசனை வருகிறது. "அம்மிணி, வாங்கியாச்சா?" என் வீட்டுக்காரர், கையில் தட்டு, வாயில் பஜ்ஜி. "சார், இவளுக்கு நாலு மணிக்கு மேட்சுங்க. காலேஜ் புள்ளைகளோட. இந்தக் கையுறை இல்லீன்னா ஸ்கோர் எழுத உக்கார வெச்சுருவாங்களாம். ஒரு வாரமா ராத்திரி தூக்கத்துல கைய நீட்டி நீட்டி எதயோ பிடிக்கறா, ரெண்டு தடவை என்ர மூக்கப் பிடிச்சுட்டா." பூமி பிளக்கவில்லை, மண்டபத்துத் தரை கிரானைட். டாக்டர் மெதுவாகக் கேட்டார், "விளையாடறதுக்கா கேட்டீங்க? அப்ப கண்ணாடி பீரோ?" "போர்வை வெச்சிருக்கறேனுங்க." இனி மறைக்க என்ன இருக்கிறது. "ஆமாங்க டாக்டர். விளையாடறதுக்குத்தான். மண்ணுல நிக்கறதுக்குத்தான். எனக்கு உக்கார வேண்டாமுங்க, நான் ஆடோணும்." வீட்டிலும் இதை நான் இப்படிச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் பஜ்ஜி மெல்வதை நிறுத்தினார்.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையுறையை மரக்கையிலிருந்து கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "இது பந்து பிடிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு, "ஒண்ணு. ஒரே ஒரு பந்து. நான் போடறேன், நீங்க பிடிங்க, பார்க்கலாம்." ரப்பர் உறை வேண்டாம் என்று அவரே டப்பாவைத் தள்ளிவிட்டார். கையை உள்ளே விட்டேன். ஐயோ. கட்டைவிரல் கட்டைவிரலின் இடத்தில், சுண்டுவிரல் சுண்டுவிரலின் இடத்தில். தோல் இறுகியிருக்கிறது, ஆனால் வளைகிறது. இடது கையை முஷ்டியாக மடக்கி உள்ளங்கைக் குழியில் ஒரு குத்து விட்டேன், பழக்கம், கையுறை போட்டால் குத்தத்தான் வரும். தொம் என்ற சத்தத்துக்கு மண்டபமே திரும்பியது. என் வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய் வண்டிப் பையிலிருந்து என் பந்தை எடுத்துவந்து கொடுத்தார், மேடையில் பழைய கேரம் பலகை பரப்பியிருந்தவர்கள் விளிம்புக்கு வந்தார்கள், கண்ணாடிச் சட்டம் வைத்திருந்த ஒருவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டாக்டர் பத்தடி தள்ளிப் போய் நின்றார். அப்போதுதான் பயம் வந்தது. இதுவரைக்கும் இல்லாத பயம். போன வாரம் பந்து போனதற்குக் கையுறை தலைகீழ் என்று சொன்னேன், அதற்கு முந்தின வாரத்துக்கும் அதையேதான் சொன்னேன். இப்போது எல்லா விரலும் தன் வீட்டில் இருக்கிறது. இப்போது விட்டால்? விட்டால் அது ஐம்பத்து மூன்று வயது, கண், முட்டி, சகாயமேரி சரியாகத்தான் சொன்னாள் என்று ஆகிவிடும். தலைகீழ்க் கையுறையே நல்லது போலிருக்கிறதே, அதன் மேல் பழி போட்டுக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாமே, யார் இங்கே வரச் சொன்னது, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா? டாக்டர் போட்டுவிட்டார். நல்ல பந்து, நெஞ்சு உயரத்தில், நேராக, சுலபமாக. கையுறையின் குழியை நோக்கியே வந்தது. நான் ஒரு இமைப்பொழுது முன்னாலேயே மூடிவிட்டேன். விளிம்பில் பட்டு வெளியே வந்து, கிரானைட்டில் குதித்து, கீப்பர் கையுறை மேஜைக்கு அடியில் உருண்டு போயிற்று.

வாசலில் அந்தப் பிய்ந்த துணி மட்டும் படபடக்கிறது. "மன்னிக்கோணும் மேடம், நான்தான் சரியாப் போடலைன்னு நினைக்கறேன்," என்றார் டாக்டர். எத்தனை நல்ல மனிதர். என் வீட்டுக்காரர், "இங்க வெளிச்சம் பத்தாதுங்க, கண்ணு கூசுது," என்றார். அவரும் நல்ல மனிதர். இந்தச் சமாதானத்தால் எனக்கு ஆளுக்கொரு வேப்பமரத்தடி நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்கள். கையுறையைப் பார்த்தேன், அதன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, டாக்டரின் எறியிலும் இல்லை, வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் வெளிச்சத்துக்கு என்ன குறை. "இல்லீங்க. நல்லாத்தான் போட்டீங்க, நல்லாத்தான் வந்தது. நான்தான் விட்டேன். அவசரப்பட்டு மூடிட்டேன்." சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. விட்டது நான். சின்ன வயதிலும் விட்டிருக்கிறேன், ஜமுனாவும் விட்டிருக்கிறாள், விட்டால் விட்டதுதான், முட்டிக்கும் வயதுக்கும் அதில் என்ன வேலை, கொஞ்சம் பொறுத்து மூடியிருக்க வேண்டும். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், என்ர நாற்காலில உக்கார்றவங்க அத்தனை பேரும் பிரஷ் சரியில்லைம்பாங்க, தண்ணி சரியில்லைம்பாங்க, அவங்கம்மா பல்லே அப்படித்தான்பாங்க. 'நான்தான் தேய்க்கலை'ன்னு ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்லீங்க." மேஜைக்கு அடியில் குனிந்து பந்தை எடுத்தார், வெள்ளைச் சட்டை முழங்கையெல்லாம் தூசி, ரப்பர் உறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க. ஆடுங்க. ஒரு நிபந்தனை, வாரம் ஒருதரம் கிளினிக்குக்குக் கொண்டாந்து காட்டோணும், அதுவும் காலைல." அப்படியே பேய்போல ஓடியிருக்க வேண்டும், மனம் மாறுவதற்குள். என் வீட்டுக்காரர் ஏற்கனவே வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். ஆனால் என் கால் நகரவில்லை. "போறனுங்க. அதுக்கு முன்னால இன்னொண்ணு போடுங்க டாக்டர்." "இன்னொண்ணா? இங்கயா?" "இங்கதானுங்க. கொஞ்சம் வேகமா." கண்ணாடிச் சட்டக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். டாக்டர் கையைச் சுழற்றிப் பார்த்தார், நாலடி பின்னால் நகர்ந்தார், பிறகு நிஜமாகவே வேகமாகப் போட்டார், பல் பிடுங்குகிற கை அல்லவா. வரட்டும், வரட்டும், மூடாதே, இன்னும் கொஞ்சம், இப்போது. உள்ளங்கை சுரீரென்று எரிந்தது. மூடிய கையுறைக்குள் பந்து இருந்தது. யாரோ கை தட்டினார்கள், கேரம்காரர்களாக இருக்கும், நான் பார்க்கவில்லை, பந்தை இடது கையில் எடுத்து டாக்டருக்கு எறிந்துவிட்டு மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.